அட்சரகணிதம்: தெரியாததற்கு ஒரு பெயர் வைத்தல்



சென்ற இதழில் பின்னங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பின் வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை ஒரே விடயத்தைக் கேட்கின்றன. "கூட்டல், கழித்தல், வீதம் எல்லாம் ஓரளவு செய்கிறாள். எழுத்துப் போட்டுச் செய்கிற கணக்கு வந்தால் கொப்பியை மூடிவிடுகிறாள். சொல்லிக்கொடுக்க எனக்கும் தெரியாது." அட்சரகணிதத்தைத்தான் சொல்கிறார்கள். ஆகவே இந்த மாதம் அதையே எடுத்துக்கொள்வோம். பென்சிலும் ஒரு பழைய கொப்பியும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

வெள்ளவத்தையில் ரியூட்டரிகளுக்குக் குறைவில்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் பின்னேரத்தில் நாலு பிள்ளைகள் கணிதக் கொப்பியோடு எதிர்ப்படுவார்கள். ஆனால் வாடகை அறையில் இருந்துகொண்டு தையலுக்கோ வீட்டு வேலைக்கோ போகும் ஒரு தாய்க்கு மாதாமாதம் அந்தப் பணத்தைக் கட்டுவது இலேசான காரியமல்ல. அதனால் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் சில பிள்ளைகளை இருத்திக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ரயில் போகும்போது ஒரு நிமிடம் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும். மற்றப்படி குறையொன்றுமில்லை.

அங்கே மகளைக் கூட்டிவந்து விட்டுவிட்டு வாசற்படியில் காத்திருக்கும் தாய் ஒருவர் இருக்கிறார். சொந்த இடம் வலிகாமம். ஒருநாள் மழை பெய்ததால் உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். மகள் கரும்பலகையில் கணக்கொன்றைச் செய்யமுடியாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்:

"ரீச்சர், நான் எட்டாம் வகுப்பில உந்தக் கணக்குத் தொடங்கினதோட நிண்டுபோச்சு. 95 ஒக்ரோபரில வெளிக்கிட்டம். கொப்பியெல்லாம் வீட்டோட போட்டுது. பிறகு நான் பள்ளிக்கூடம் போகேல்லை. இவளுக்கு நான் என்னத்தைச் சொல்லிக்குடுக்கிறது?"

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் தென்மராட்சிப் பக்கம் நடந்ததை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அன்று எத்தனை பிள்ளைகளுடைய கொப்பிகள் பாதிக் கணக்கில் நின்றன என்று ஒருவரும் எண்ணவில்லை.

நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஆயிரம் ரூபாவோட சந்தைக்குப் போறியள். 100 ரூபாவுக்குக் கீரை. மூண்டு தேங்காய். மிச்சம் 450 ரூபா கையில இருக்கு. தேங்காய் ஒண்டு என்ன விலை?" அவர் கண்ணை மூடித் திறக்குமுன் "நூற்றைம்பது" என்றார். எப்படி என்று கேட்டதற்கு, "கீரைக் காசையும் மிச்சக் காசையும் கழிச்சால் 450. அதை மூண்டாப் பிரிச்சால் சரிதானே" என்றார். இதையே கரும்பலகையில் இப்படி எழுதிக் காட்டினேன்:

3தே + 100 + 450 = 1,000
3தே = 450
தே = 150

மகள் செய்யமுடியாமல் நின்றதும் இந்த வகைக் கணக்குத்தான். அவளுக்குப் பிரித்தலும் கழித்தலும் தெரியும். அந்த "தே"யைக் கண்டுதான் பயந்தாள்.

இந்த எழுத்தைப் பற்றி முதலில் ஒன்று சொல்லவேண்டும். நல்ல ஆசிரியர்களும் இங்கே வழுக்குவார்கள். "தே" என்பது தேங்காய் அல்ல. ஒரு தேங்காயின் விலை எத்தனை ரூபாவோ, அந்த எண். 3தே என்றால் "மூன்று தேங்காய்" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் இரண்டு எழுத்துகளைப் பெருக்க வரும்போது "தேங்காயைக் கீரையால் எப்படிப் பெருக்குவது?" என்று அவள் கேட்பாள். கேட்கத்தான் வேண்டும். எழுத்து எப்போதும் ஓர் எண்ணுக்குப் பதிலாக நிற்கிறது. அந்த எண் எதுவென்று நமக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். அதைத்தான் பாடநூலில் தெரியாக்கணியம் என்கிறார்கள்.

பாடநூலில் எக்ஸ், வை என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். பிரெஞ்சுக்காரரான டேக்காட் 1637இல் வெளியிட்ட நூலில் தெரியாதவற்றுக்கு அரிச்சுவடியின் கடைசி எழுத்துகளை வைத்தார். அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. அதற்கு ஐந்நூறு வருடங்களுக்கு முன், 1150இல், பாஸ்கரர் பீஜகணிதம் எழுதியபோது நிறங்களின் பெயர்களிலிருந்து முதலெழுத்தை எடுத்தார். கறுப்புக்கு "கா", நீலத்துக்கு "நீ", மஞ்சளுக்கு "பீ". எனவே நாங்கள் தேங்காய்க்குத் "தே" போடுவது வீட்டு வசதிக்காகச் செய்த குறுக்குவழி அல்ல, பழைய வழிதான். பிள்ளைக்கு அது பழகியபின் எக்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். பரீட்சையில் கேள்வியே ஓர் எழுத்தைத் தந்திருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இது நேற்றைக்கு வந்த பாடமும் அல்ல. வட்டுக்கோட்டைச் செமினறிக் காலத்தவரான கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் "வீசகணிதம்" என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். அட்சரகணிதத்துக்கு அன்று வழங்கிய பெயர் அது. செமினறி ஆண்பிள்ளைகளுக்கான இடம். அந்த நூல் எத்தனை பெண்பிள்ளைகளின் கைக்குப் போயிருக்கும் என்று நான் சிலவேளை நினைத்துப் பார்ப்பதுண்டு.

இனி தராசுக்கு வருவோம். சங்கக்கடையிலோ பழைய பலசரக்குக் கடையிலோ இரண்டு தட்டுத் தராசைப் பார்த்திருப்பீர்கள். சமன்பாடு என்பது அதுதான். சமன் அடையாளம் நடுமுள். ஒரு தட்டில் ஏதாவது எடுத்தால் மற்றத் தட்டிலும் அதே அளவு எடுக்கவேண்டும். ஒரு தட்டை மூன்றில் ஒன்றாக்கினால் மற்றதையும் மூன்றில் ஒன்றாக்க வேண்டும். முழு அட்சரகணிதத்துக்கும் இந்த ஒரு சட்டம் போதும்.

ஆனால் அநேக பிள்ளைகள் இதை இப்படிப் படிப்பதில்லை. "பக்கம் மாறினால் குறி மாறும்" என்று ஒரு மந்திரத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் அது சரியாக வந்துவிடும். பிறகு 3தே = 450 என்று வரும். மந்திரத்தை நம்பும் பிள்ளை 3ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குறியை மாற்றி, தே = 450 − 3 = 447 என்று எழுதுவாள். அந்தத் தாயின் மகள் அன்று அப்படித்தான் எழுதினாள். தாய் சிரித்துவிட்டார். "பிள்ளை, ஒரு தேங்காய் 447 ரூபா எண்டால் ஆயிரம் ரூபாவுக்கு மூண்டு வாங்கேலுமோ?"

நான் இருபது நிமிடம் விளக்கியும் ஏறாதது அந்த ஒரு கேள்வியில் ஏறிவிட்டது. 3உம் தேயும் கூட்டி வைக்கப்படவில்லை, பெருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பெருக்கி வைத்ததை வகுத்துத்தான் கழற்றலாம். மகளின் கொப்பியில் இந்த வகைப் பிழையைக் கண்டால், விடையைத் திரும்பக் கேள்விக்குள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அட்சரகணிதத்தில் உள்ள பெரிய வசதி இது. சரியா பிழையா என்று ரீச்சரிடம் கேட்கத் தேவையில்லை. விடையே சொல்லிவிடும்.

அடுத்த இடறல் அடைப்புக்குறி. 2(ப + 500) என்பதைப் பிள்ளைகள் 2ப + 500 என்று எழுதிவிடுவார்கள். இரண்டு பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் ப ரூபாவும் மேலே 500 ரூபாவும் கொடுக்கவேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். 500 இரண்டு பேருக்கும் உண்டு. ஆகவே 2ப + 1,000. ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் விட்டால் வீட்டில் சண்டைதான்.

அடைப்புக்குமுன் கழித்தல் நின்றால் இன்னும் குழப்பம். இதற்குக் கடன் கணக்கே நல்ல உதாரணம். 628இல் பிரமகுப்தர் நேர் எண்ணைத் தனம் என்றும் மறை எண்ணை ருணம் என்றும் அழைத்தார். தனம் செல்வம், ருணம் கடன். உங்கள் கையில் 10,000 ரூபா. கடைக்குக் கொடுக்கவேண்டியது ப ரூபா. கடைக்காரர் மனம் இரங்கி 500 ரூபாவை விட்டுத்தருகிறார். அப்படியானால் நீங்கள் கொடுப்பது ப − 500. கையில் மிஞ்சுவது 10,000 − (ப − 500). அந்த 500 உங்களுக்கு வரவா, செலவா? வரவுதான். எனவே 10,000 − ப + 500. கடனைக் கழித்தால் அது வரவு. "மறையும் மறையும் நேர்" என்று ஆயிரம் தரம் எழுதுவதைவிட இது மனதில் நிற்கும்.

இதுவரை ஒரு தெரியாததுதான் இருந்தது. இனி இரண்டு. பனையோலை வேலை செய்யும் ஒரு சகோதரி முதல் நாள் 3 பெட்டியும் 2 சுளகும் விற்று 1,900 ரூபா பெற்றார். அடுத்த நாள் 1 பெட்டியும் 2 சுளகும் விற்று 1,300 ரூபா. விலையை எழுதிவைக்கவில்லை. (விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை, சந்தையில் கேட்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.)

3பெ + 2சு = 1,900
பெ + 2சு = 1,300

முதல் நாளிலிருந்து இரண்டாம் நாளைக் கழியுங்கள். சுளகு இரண்டு நாளும் ஒரே அளவு, அது அற்றுப்போகும். 2பெ = 600. பெட்டி 300 ரூபா. அதை இரண்டாம் வரியில் போட்டால் 2சு = 1,000, சுளகு 500 ரூபா. முதல் வரியில் போட்டுச் சரிபார்க்கலாம்: 900 + 1,000 = 1,900. பாடநூல் இதை ஒருங்கமை சமன்பாடு என்கிறது. பெயர் பெரிதாக இருந்தாலும் செய்கிற வேலை இவ்வளவுதான். ஒன்றை மறையச் செய், மற்றதைப் பிடி.

இந்த வேலை எவ்வளவு பழையது தெரியுமா? சீனத்தில் "ஒன்பது அத்தியாயங்கள்" என்று ஒரு கணித நூல் உண்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடப் பழமை. 263இல் லியூ ஹுய் என்பவர் அதற்கு உரை எழுதினார். அதன் எட்டாம் அத்தியாயத்தின் முதற் கணக்கு கதிர்க்கட்டுகளைப் பற்றியது. உயர்ந்த தரத்தில் 3 கட்டு, நடுத்தரத்தில் 2, கடைத்தரத்தில் 1 அடித்தால் தானியம் 39 அளவு. 2, 3, 1 என்றால் 34. 1, 2, 3 என்றால் 26. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டில் எவ்வளவு தானியம்? அவர்களுடைய அளவையை நான் கொத்து என்று வைத்துக்கொள்கிறேன்.

3உ + 2ந + க = 39
2உ + 3ந + க = 34
உ + 2ந + 3க = 26

மூன்று தெரியாதவை என்று மலைக்க வேண்டாம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் உ − ந = 5. அதாவது உயர்தரக் கட்டில் நடுத்தரத்தைவிட 5 கொத்துக் கூட. இரண்டாவதை மூன்றால் பெருக்கி மூன்றாவதைக் கழித்தால் 5உ + 7ந = 76. இப்போது உ இருக்கும் இடத்தில் ந + 5 ஐப் போடுங்கள்: 12ந + 25 = 76. 12ந = 51, ந = 4¼. ஆகவே உ = 9¼, க = 2¾. நூலில் உள்ள விடையும் இதுதான். அவர்கள் எழுத்தே போடவில்லை. பலகையில் சிறு குச்சிகளை நிரை நிரலாக அடுக்கி எண்களை மட்டும் வைத்து இதைச் செய்தார்கள். நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, மறை எண்ணுக்குக் கறுப்பு.

சாதாரண தரத்தில் "தாயங்கள்" என்று ஒரு அலகு உண்டு. நிரையும் நிரலுமாக எண்களை அடைப்புக்குள் எழுதுவார்கள். "இது எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் குச்சிப் பலகைதான் இது என்று சொல்லுங்கள். எழுத்துகளைத் திரும்பத் திரும்ப எழுதிக் களைக்காமல் எண்களை மட்டும் வைத்து வேலை செய்வதற்கான ஏற்பாடு. பல்கலைக்கழகத்தில் ஏகபரிமாண அட்சரகணிதம் என்று இதைப் படிப்பவர்கள் ஆயிரம் தெரியாதவற்றைக்கூட கணினியில் இதே கழித்தல் முறையில்தான் தீர்க்கிறார்கள்.

மழை நாளுக்குப் பின் அந்தத் தாய் வாசற்படியில் இருப்பதில்லை. உள்ளே வந்து பின்வாங்கில் இருப்பார். கையில் மகளின் பழைய கொப்பி. மூன்று நாலு வாரத்தின் பின் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தந்தார். கடன் அட்டை. 60,000 ரூபா. 12 மாதம். வருட வட்டி 24 வீதம். மாதத் தவணை 6,200 ரூபா.

"இதையும் எழுத்துப் போட்டுச் செய்யலாமோ ரீச்சர்? 24 வீதம் எண்டுதான் சொன்னவை. எனக்கென்னவோ கூடக் கட்டிற மாதிரிக் கிடக்கு."

அவருக்குக் கிடந்த சந்தேகம் சரி. 60,000இன் 24 வீதம் 14,400. மொத்தம் 74,400. பன்னிரண்டால் வகுத்தால் 6,200. கடன் கொடுத்தவர்களின் கூட்டல் பிழையில்லை. ஆனால் 60,000 ரூபாவும் பன்னிரண்டு மாதமும் அவர் கையில் இருந்ததா? இல்லை. மாதாமாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறார். முதலை மாதம் 5,000 ரூபாவாகக் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் அவர் கையில் இருந்த கடன் 60,000. இரண்டாம் மாதம் 55,000. கடைசி மாதம் வெறும் 5,000. அந்த மாதத்துக்கும் 60,000க்கு உரிய வட்டியையே கட்டுகிறார்.

உண்மையான மாத வட்டி வீதத்தை "வ" என்போம். ஒவ்வொரு மாதமும் மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி. மிச்சங்களைக் கூட்டவேண்டும். 5,000ஐ வெளியே எடுத்தால் உள்ளே 12 + 11 + 10 என்று 1 வரை நிற்கும். முதலும் கடைசியும் 13, அடுத்த சோடியும் 13, அப்படி ஆறு சோடி. 78. சாதாரண தரக் கணிதத்தில் மாத அலகு என்று வருவது இந்த 78தான். 5,000 × 78 = 390,000.

390,000வ = 14,400

வ ஏறத்தாழ 0.037. மாதத்துக்கு 3.7 வீதம், வருடத்துக்கு 44 வீதத்துக்கு மேல். தவணை எல்லா மாதமும் ஒரே தொகை என்பதால் தொடக்கத்தில் முதல் சற்று மெதுவாகக் குறைகிறது. அதையும் கணக்கில் எடுத்து நுணுக்கமாகச் செய்தால் மாதம் 3.5 வீதத்தை ஒட்டி வரும். எப்படிப் பார்த்தாலும் வருடத்துக்கு 40 வீதத்துக்கு மேல். குறைந்து செல்லும் மீதிக்கு உண்மையாகவே 24 வீதம் என்றால் மாதம் 2 வீதம், வட்டி 7,800 ரூபாதான். வித்தியாசம் 6,600 ரூபா. ஒரு மாதத் தவணையிலும் கூட.

அவர் கையெழுத்து வைத்தாயிற்று. கணக்குத் தெரிந்துவிட்டதால் கடன் குறையவில்லை. மிச்சத் தவணைகளைக் கட்டித்தான் முடித்தார். வடக்கிலும் கிழக்கிலும் இப்படியான நுண்கடன்களால் பெண்கள் பட்ட பாடு நாடறிந்தது. 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறு கடன்களுக்கு நிவாரணமும் வட்டிக்கு 35 வீத உச்ச வரம்பும் அறிவிக்கவேண்டி வந்தது. அந்தப் பெண்களில் பலருக்குச் சொல்லப்பட்ட வீதம் வேறு, கட்டிய வீதம் வேறு. சொல்லப்பட்ட எண்ணுக்கும் கட்டிய எண்ணுக்கும் இடையில் இருப்பது ஒரு வரிச் சமன்பாடு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்ற பிள்ளைக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை.

பிறகு தையல் மெசினுக்காக வேறோரிடத்தில் கடன் கேட்கப் போனபோது அந்தத் தாய் அலுவலரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "வட்டி முழுத் தொகைக்கோ, குறையிற மீதிக்கோ?" அலுவலர் முகத்தைச் சுளித்தாராம். ஆனால் பதிலைத் தாளில் எழுதிக் கொடுத்தாராம். அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மகள்தான் 78ஐப் போட்டுக் கணக்குப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை.

இருபடிச் சமன்பாட்டைப் பற்றி இந்த இதழில் விரிவாக எழுத இடமில்லை. ஒன்று மட்டும். நீளம் அகலத்தைவிட 5 மீற்றர் கூட, பரப்பு 84 சதுர மீற்றர் என்று ஒரு வீட்டுத் தோட்டம். அகலம் அ என்றால் அ(அ + 5) = 84. தீர்த்தால் இரண்டு விடை வரும்: 7, −12. −12 மீற்றர் அகலத்தில் தோட்டம் இல்லை. ஆகவே 7. எந்த விடையை ஏன் விட்டோம் என்பதைப் பிள்ளை ஒரு வரியில் எழுதவேண்டும். எழுதாமல் விடுபவர்கள் அநேகம்.

பரீட்சையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உயர்தரம் படிப்பதற்கு வழமையாக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றுள் தாய்மொழியும் கணிதமும் அடங்கவேண்டும். கணிதத்தில் சித்திக்கு 35 புள்ளி. பயந்து அட்சரகணிதக் கேள்விகளை முழுதாக விட்டுவிடும் பிள்ளை அந்த 35ஐத் தேடி மற்றக் கேள்விகளில் அலைய வேண்டியிருக்கும். விரிவான வினாக்களில் படிமுறைகளுக்குத் தனித்தனிப் புள்ளி உண்டு. கடைசி விடை பிழைத்தாலும், தெரியாததற்கு எழுத்து வைத்துச் சமன்பாட்டைச் சரியாக அமைத்திருந்தால் அதற்குரிய புள்ளி கிடைக்கும். ஆகவே வெற்றுத்தாளாக விடவேண்டாம். பாடநூலை அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. தொலைந்திருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழில் இருக்கிறது, கைபேசியிலும் பார்க்கலாம். முதலில் பாடநூலின் பயிற்சிகளை முடித்துவிட்டுக் கடந்தகால வினாத்தாள்களுக்குப் போகவேண்டும். மறுவளமாகச் செய்து களைத்துப்போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இடையில் படிப்பு நின்ற தாய்மார், தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தாங்களே சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றலாம். எங்கள் முன்விறாந்தையில் அதைப் பற்றி ஒரு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. விண்ணப்பம் போட்டபின் எழுதுகிறேன்.

இனி வீட்டுக் கணக்கு. மகளோடு சேர்ந்து செய்யுங்கள்.

முதலாவது: தாயின் வயது மகளின் வயதைப் போல் மூன்று மடங்கு. 12 வருடத்தின் பின் இரண்டு மடங்கு. இப்போது இருவருக்கும் என்ன வயது? (மகளின் வயதுக்கு ம என்று வையுங்கள். 12 வருடம் தாய்க்கும் கூடும், மகளுக்கும் கூடும்.)

இரண்டாவது: 40,000 ரூபா கடன், 10 மாதம், முழுத் தொகைக்கும் வருடத்துக்கு 30 வீத வட்டி. முதல் மாதம் 4,000 ரூபாவாகக் குறைகிறது என்று கொண்டால், மிச்சக் கடனுக்கு உண்மையில் மாதம் எத்தனை வீதம்? இங்கே 78 வராது, எது வரும் என்று பாருங்கள்.

மூன்றாவது: பனையோலை விற்ற சகோதரி முதல் நாள் 1 பெட்டியும் 2 சுளகும் விற்று 1,300 ரூபா பெற்றார். இரண்டாம் நாள் 2 பெட்டியும் 4 சுளகும் விற்று 2,600 ரூபா. ஒவ்வொன்றின் விலையும் என்ன? இதைச் செய்து பார்த்துவிட்டு, ஏன் விடை வரவில்லை என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். மூன்றாம் நாள் அவர் எத்தனை பெட்டியும் எத்தனை சுளகும் விற்றிருந்தால் விலையைக் கண்டுபிடிக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்த இதழில் உங்கள் விடையிலிருந்தே தொடங்குவோம்.